சோடாபுட்டிக் கண்ணாடிக்கு மாற்று: ஐசிஎல்லா, லென்ஸ் மாற்றா?

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் பனிமூட்டம் இறங்கிய நேரத்தில் சூடாக ஒரு டீயை வாயருகே கொண்டுபோனால் போதும், கண்ணாடி வெள்ளையாகிவிடும். கழற்றினால் அதைவிட மோசம். எனக்குக் கிட்டப்பார்வை, பவர் மைனஸ் 13. நாலு விரற்கடைக்கு அப்பால் எல்லாமே கலங்கல்தான்.

லாசிக் என்ற லேசர் ஆபரேஷன் எனக்கு ஒத்துவராது. ஒவ்வொரு பவருக்கும் கருவிழியில் 12 மைக்ரானுக்குக் குறையாமல் செதுக்க வேண்டும். கருவிழியின் மொத்தக் கனமே சுமார் 540 மைக்ரான். 13 பவருக்குச் செதுக்கினால் மிச்சம் தாங்காது.

சரி, மீதி இரண்டு. ஐசிஎல் என்பது சொந்த லென்ஸைத் தொடாமல் அதற்கு முன்னால் இன்னொரு மெல்லிய லென்ஸைச் செருகுவது. லென்ஸ் மாற்று என்பது புரை ஆபரேஷனேதான்; புரையில்லாத லென்ஸை எடுக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு வயது 31, அதனால் ஐசிஎல். சொந்த லென்ஸை எடுத்தால் இந்த வயதிலேயே சாளேஸ்வரம், கிட்டத்தில் படிக்கக் கண்ணாடி வேண்டும். அதைவிடப் பெரிய பயம் விழித்திரை. எங்களைப் போன்றவர்களுக்குக் கண் நீண்டு, விழித்திரை மெலிந்திருக்கும். லென்ஸை எடுத்தபின் அது பிய்ந்து விலகும் ஆபத்து கூடும், இளவயதில் இன்னும் அதிகம். ஐசிஎல்லிலும் அளவு பிசகினால் கண் அழுத்தம் ஏறலாம், புரை வரலாம். ஆனால் செருகிய லென்ஸைத் திரும்ப எடுத்துவிடலாம்.

பெரியம்மா விஷயம் வேறு. 56 வயது, கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கிறார், மைனஸ் 11, புரையும் லேசாகத் தொடங்கிவிட்டது. அவருக்கு லென்ஸ் மாற்றுதான் சரி. பிறகு புரைக்கென்று தனி ஆபரேஷன் வேண்டாம். ஒன்று மட்டும் யோசிக்க வேண்டும். இத்தனை காலம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஊசியைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்துத்தான் நூல் கோத்தார். தூரத்துக்கு லென்ஸ் வைத்தால் அது நடக்காது. மைனஸ் 2 மிச்சம் வைத்தால் அரை மீட்டர், அதாவது கொழுந்து கிள்ளும் தூரம், கண்ணாடி இல்லாமலே தெளியும். "கொழுந்து தெரிஞ்சாப் போதும் சாமி" என்கிறார்.

எதைச் செய்தாலும் கண்ணின் நீளம் குறையாது. ஆபரேஷனுக்கு முன்பும், அப்புறம் வருடந்தோறும், சொட்டு மருந்து விட்டு விழித்திரையின் ஓரம் வரை பார்க்கச் சொல்லுங்கள். கண்ணில் மின்னல் வெட்டினாலோ, திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ அன்றே டாக்டரிடம் போக வேண்டும். எங்களுக்கு அது கோயம்புத்தூர். ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் எப்படி இறங்குவது? அதனால் இருவருக்கும் தேதியை மாசியில் கேட்டிருக்கிறேன்.