புளித்த அரிசி நீர் ஹேர் கிட்: நெல்லைப் பக்கம் வாங்கப்போகிறவர்கள் ஒரு நிமிடம் படியுங்கள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை வட்டார வாட்ஸப் குழுக்களில் "புளித்த அரிசி நீர் ஹேர் கிட்" என்று ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிரசவம் ஆன பெண்கள் இருக்கும் குழுக்களில்தான் அதிகம். அதை வாங்கி எனக்கு 1,850 ரூபாய் போனது, தலையில் புண் வந்தது. புகார் நிலுவையில் இருப்பதால் விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை, இதே சரக்கை ஆளுக்கொரு லேபிள் ஒட்டிப் பலர் விற்கிறார்கள்.

பிள்ளை பெற்று சேரன்மகாதேவியில் அம்மா வீட்டில் இருந்தேன். மூன்று மாதம் தாண்டியதும் முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. சீப்பில் முடி, தலையணையில் முடி, பிள்ளையின் விரலிடுக்கில்கூட முடி. அந்த நேரம் பார்த்து ஒருவர் விளம்பரத்தை அனுப்பினார். தாமிரபரணித் தண்ணீரில் ஊறிய அம்பை 16 அரிசியாம், மண்பானையில் 21 நாள் புளிக்க வைத்ததாம், 90 நாளில் ஆறு அங்குலம் வளருமாம். கூடவே சீனத்துப் பெண்கள் ஆற்றங்கரையில் முழங்கால் வரை கூந்தலை விரித்துப்போட்டிருக்கும் வீடியோ.

பார்சல் வந்த அன்று அம்மா ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். "ஏட்டி, கழனித் தண்ணிக்கா துட்டு குடுத்த? நம்ம தொழுவுல மாடு குடிக்கத பாட்டில்ல அடைச்சு வச்சிருக்கான்." அப்பாவுக்கு அம்பை 16 விஷயம்தான் பொறுக்கவில்லை. அது அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட ரகம். குட்டையான தடித்த அரிசி, குறுகிய வயது, கார் பருவத்துக்குத் தோதானது, இட்லிக்கும் போடலாம். அப்பா வருஷக்கணக்காக அதைத்தான் நட்டுவருகிறார், தலை வழுக்கை. அரிசியைக் களைந்தால் கரைந்து வருவது பெரும்பாலும் மாவுச்சத்துதான், எந்த ரகத்துக்கும் அப்படித்தான். ஊர்ப்பெயரைப் போட்டால் நம் ஆட்கள் நம்பிவிடுவார்கள் என்ற கணக்கு அது.

மூன்று பாட்டில்களில் ஒன்றைத் திறந்ததும் புஸ்ஸென்று நுரைத்துக் கையெல்லாம் வழிந்தது. மற்ற இரண்டும் வெளியே வைத்தே வாரக்கணக்கில் அசையாமல் தெளிவாக நின்றன, ரோஜா சென்ட் வாசத்தோடு. நம் ஊர் வெயிலில் நீத்தண்ணி, அதாவது பழைய சோற்றுத் தண்ணீர், ஒரே ராத்திரியில் என்ன பாடு படும் என்று எல்லோருக்கும் தெரியும். புளித்த தண்ணீர் மாறாமல் அப்படியே நிற்கிறது என்றால் உள்ளே கெடாமலிருக்க எதையோ போட்டிருக்க வேண்டும். லேபிளிலோ "நோ கெமிக்கல், நூறு சதவீதம் நேச்சுரல்". மூன்றும் ஒரே பானையில் எடுத்ததாக இருக்கவே முடியாது.

தினமும் ராத்திரி மண்டையில் தேய்த்து, துணி கட்டி, காலைவரை விடவேண்டும், ஷாம்பு, சீயக்காய் எதுவும் கூடாது என்பது அவர்கள் சொன்ன முறை. கொஞ்ச நாளிலேயே அரிப்பு வந்தது. அப்புறம் வெள்ளை வெள்ளையாகச் செதில், பிடரியில் சின்னச் சின்னக் கொப்புளம். முடி முன்பைவிட அதிகமாகக் கொட்டியது. போன் போட்டுக் கேட்டேன். விற்ற பெண் கொஞ்சமும் தடுமாறவில்லை: "முதல் கோர்ஸ்ல அப்படித்தான் சிஸ்டர். வீக்கான முடியெல்லாம் விழுந்தாத்தான் ஸ்ட்ராங்கான முடி வரும். நச்சு வெளியேறுது. இப்ப நிறுத்துனா எல்லாமே வேஸ்ட், ரெண்டாவது கோர்ஸ் உடனே ஆரம்பிக்கணும்."

இந்தப் பேச்சுதான் இந்த வியாபாரத்தின் முதுகெலும்பு. முடி வளர்ந்தால் மருந்து வேலை செய்கிறது, கொட்டினாலும் மருந்துதான் வேலை செய்கிறது! புண்ணைப் படம் எடுத்து அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். நீல டிக் விழுந்தது, அடுத்த நாள் நம்பர் பிளாக்.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு பெரியாஸ்பத்திரியில் தோல் பிரிவில் காட்டினேன். டாக்டரம்மா பாட்டிலைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை, நேராகப் "பிள்ளைக்கு எத்தனை மாசம்?" என்றுதான் கேட்டார். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் காரணமாக, உதிர வேண்டிய முடி உதிராமல் நிற்குமாம். பிள்ளை பிறந்ததும் அவ்வளவும் ஒன்றாக ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டுமாம். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் தானாகவே திரும்ப வந்துவிடும். கடும் காய்ச்சலுக்குப் பிறகு கொட்டுவதும் இதே கதைதான். இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்க ரத்தம் எடுத்தார்கள், எனக்கு ரத்தம் குறைவாக இருந்தது. அதற்கு மாத்திரை, புண்ணுக்கு ஒரு லோஷன். கஞ்சித் தண்ணீரை ராத்திரி முழுக்க மண்டையில் ஊறவிட்டால், வியர்வையும் சேர்ந்து, அரிப்பும் புண்ணும் வராமல் என்ன செய்யும் என்றார்.

இதைக் கேட்ட பிறகுதான் அந்த "முன், பின்" படங்களின் சூட்சுமம் பிடிபட்டது. பிரசவமாகி நான்காம் மாதம் ஒரு படம், பத்தாம் மாதம் ஒரு படம். இடையில் அரிசித் தண்ணீர் தேய்த்தாலும் சரி, வெறும் வாய்க்கால் தண்ணீரில் குளித்தாலும் சரி, இரண்டாவது படம் நன்றாகத்தான் இருக்கும். பிள்ளை பெற்ற பெண்களையே குறிவைத்து இவர்கள் விற்பது ஏன் என்பதற்கும் அதுதான் காரணம்.

ஆறு அங்குலக் கணக்கையும் பாருங்கள். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். 90 நாளில் ஒரு அங்குலமும் கொஞ்சமும் வந்தால் பெரிது. அந்தச் சீன வீடியோ பொய் இல்லை. குவாங்சி பகுதி ஹுவாங்லுவோ கிராமத்து யாவ் பெண்கள் புளித்த அரிசித் தண்ணீரில்தான் கூந்தலை அலசுகிறார்கள். ஆனால் அவர்கள் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, பதினெட்டு வயதை ஒட்டித்தான் முடி வெட்டுவது வழக்கம். வெட்டிய முடியையும் சேர்த்துத்தான் கொண்டை போடுகிறார்கள். இதை விளம்பரத்தில் சொல்லமாட்டார்கள்.

அரிசித் தண்ணீர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வடிகஞ்சியில் சீயக்காய்த் தூளைக் கரைத்துத் தேய்த்துக் குளித்த வீடுதான் எங்களுடையது. வேட்டிக்குக் கஞ்சி போடுகிற மாதிரி முடிமேல் ஒரு பூச்சு படியும், சிக்கு கொஞ்சம் குறையும், பளபளப்பாகத் தெரியும். அவ்வளவுதான். வேரில் புது முடி முளைக்க வைக்கும் என்பதற்கு நிரூபணம் கிடையாது. ஆசைப்பட்டால் வீட்டில் களைந்த தண்ணீரை வாரத்துக்கு ஒரு நாள் முடியில் ஊற்றி, கொஞ்ச நேரத்தில் நன்றாக அலசிவிடுங்கள். செலவு ஒன்றும் இல்லை, மாடு மட்டும் கோபித்துக்கொள்ளும்.

பாட்டிலில் வாங்கியே ஆகவேண்டும் என்றால் லேபிளைப் பாருங்கள். தயாரித்தவர் பெயரும் முழு முகவரியும், உற்பத்தி உரிமம் எண், பேட்ச் எண், எந்த மாதம்வரை பயன்படுத்தலாம், என்னென்ன சேர்ந்திருக்கிறது, எவ்வளவு விலை என்பதெல்லாம் அழகுசாதனப் பொருளில் கட்டாயம் இருக்க வேண்டும். எனக்கு வந்ததில் முகவரி என்ற இடத்தில் "திருநெல்வேலி" என்று மட்டும் போட்டிருந்தது. மாநகராட்சி முழுக்கத் தேடவேண்டியதுதான்.

பில் தரவில்லை. ஜிபேயில் பணம் போனதும் ஒரு தனிநபர் பெயருக்கு. அந்த ரசீது, வாட்ஸப் பேச்சு, ஆஸ்பத்திரிச் சீட்டு, மிச்சமிருந்த பாட்டில் எல்லாவற்றையும் படம் எடுத்து 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் அங்கே புகார்க் கட்டணம் கிடையாது. ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் எரிச்சலில் பாட்டிலைச் சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள், அவர்கள் உங்கள் நம்பரை பிளாக் செய்வதற்குள் பேச்சு முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புண் வந்திருந்தால் புகாரெல்லாம் அப்புறம், முதலில் டாக்டரிடம் போங்கள்.