இரைச்சலை நீக்கும் பெட்டி என்று சொல்லி இரும்புத் துண்டை விற்றுவிட்டார்கள்

எழுதும்போதே கை நடுங்குகிறது. ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிய பெட்டி. உள்ளே நான்கு கம்பிகளும் பசை போட்டு ஒட்டிய ஓர் இரும்புத் துண்டும்தான் இருந்தன. லேப்டாப்பை வீட்டு ஸ்டீரியோவில் இணைக்க நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். எதை வாங்கலாம், எப்படி இணைக்கலாம் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

அப்பா வைத்துவிட்டுப் போன ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் வீட்டில் இருக்கின்றன. அம்மா இளவயதில் பாடிய கேசட்டுகளை லேப்டாப்பில் ஏற்றி வைத்திருக்கிறேன். லேப்டாப்பின் சிறிய ஸ்பீக்கரில் அவர் குரல் தகரம்போல் ஒலிக்கும். அதைப் பெரிய ஸ்பீக்கர்களில் அவருக்குப் போட்டுக்காட்ட ஆசைப்பட்டேன். ஒரு முனையில் 3.5 மி.மீ. ஹெட்ஃபோன் பின், மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ பின்கள் உள்ள சாதாரணக் கேபிளை வாங்கி, ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் 'ஆக்ஸ்' என்று எழுதியிருந்த துளைகளில் செருகினேன். பாட்டு வந்தது. பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று விடாத ஓர் இரைச்சலும் வந்தது. அம்மா பாட்டை நிறுத்தி மூச்செடுக்கும் இடங்களில் எல்லாம் அந்த இரைச்சல்தான் கேட்டது.

ஒலிக் கருவிகள் மட்டுமே விற்கும் ஓர் இணையக் கடையைத் தொலைபேசியில் அழைத்தேன். பேசியவர் எடுத்த எடுப்பில் எதையும் விற்கவில்லை. "சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள் சார், இரைச்சல் நிற்கிறதா?" என்றார். பிடுங்கினேன், நின்றுவிட்டது. "அப்படியானால் இது கிரவுண்ட் லூப். சார்ஜர் வழியாக ஓர் எர்த், ஆம்ப்ளிஃபயர் வழியாக இன்னொரு எர்த். இரண்டுக்கும் நடுவில் சிறு மின்னழுத்த வேறுபாடு. அதனால் உங்கள் கேபிளின் வெளி உறையில் மின்னோட்டம் ஓடுகிறது. அதைத்தான் ஆம்ப்ளிஃபயர் பெருக்கிக் கொடுக்கிறது" என்று நிதானமாக விளக்கினார். அத்தனையும் உண்மை. பிறகு நானே தேடிப் படித்துச் சரிபார்த்தேன். நோயை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன மனிதர் மருந்தில் ஏமாற்றுவார் என்று யார் நினைப்பார்கள்?

அந்த நிமிடத்தில்தான் நான் விழுந்தேன். இரண்டு பக்கத்து எர்த்தையும் பிரித்து வைக்க, மின்மாற்றி வைத்த ஐசோலேட்டர் பெட்டி ஒன்று இருக்கிறது என்றார். மலிவானவை பாஸ் ஒலியைத் தின்றுவிடும், தங்களுடையதில் செம்புக் கம்பியைக் கையால் சுற்றியிருக்கிறார்கள், கையில் எடுத்தால் கனத்திலேயே தரம் தெரியும் என்றார். விலை அரை மாதச் சம்பளம். அப்பாவின் ஸ்பீக்கர், அம்மாவின் குரல் என்று எண்ணிக்கொண்டு உடனே பணத்தை அனுப்பிவிட்டேன். பெட்டி வந்தது. நல்ல கனம்தான். இணைத்தேன். இரைச்சல் இம்மிகூடக் குறையவில்லை.

முதல் அழைப்பில், "புதுப் பெட்டி சார், 100 மணி நேரம் ஓடிப் பழக வேண்டும்" என்றார். நிறுத்தாமல் ஓட்டினாலும் அது நான்கு நாளுக்கு மேல். திருப்பி அனுப்ப எனக்குக் கொடுத்திருந்த கெடுவோ ஏழே நாள். அந்தக் கணக்கு அப்போது எனக்கு உறைக்கவில்லை. அடுத்த முறை வேறொருவர் பேசினார். லேப்டாப்பில்தான் கோளாறு என்றார். மூன்றாம் முறை, "ஃபோனோ என்ற துளையில் செருகிப் பாருங்கள்" என்றார்கள். செருகியதும் ஸ்பீக்கர்கள் அலறின. அது இசைத்தட்டு ஊசிக்கான துளை. ஊசி தருவது சில மில்லிவோல்ட்தான் என்பதால் உள்ளே நூறு மடங்குபோல் பெருக்கி, பாஸையும் தூக்கிவிடுவார்கள். லேப்டாப்பின் வலுவான சிக்னலை அங்கே கொடுத்தால் ஒலி சிதைந்து சீறும். அப்பாவின் ஸ்பீக்கர் கிழியாமல் தப்பியது என் நல்ல நேரம்.

நான்காவது ஆலோசனையைத்தான் என்னால் மன்னிக்கவே முடியாது. "ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடுங்கள், இரைச்சல் போய்விடும்." போகலாம். ஆனால் உள்ளே ஒரு கம்பி விலகி உலோக உறையைத் தொட்டால், அடுத்து அந்த உறையைத் தொடுகிறவருக்கு எர்த் என்ற பாதுகாப்பே இருக்காது. தினமும் அதைத் தொட்டு வால்யூம் திருப்புகிறவர் என் அம்மா. இதை வாடிக்கையாளரிடம் சொல்ல எப்படி மனம் வந்தது?

எட்டாம் நாள் பணத்தைத் திரும்பக் கேட்டேன். "கெடு முடிந்துவிட்டது சார், சீலும் பிரித்திருக்கிறது." சீலைப் பிரிக்காமல் கேபிளை எங்கே செருகுவது? அரை மாதச் சம்பளம், ஒரே வாக்கியத்தில் போயிற்று.

இன்று நண்பரிடமிருந்து மல்டிமீட்டர் வாங்கி வந்தேன். உண்மையான ஐசோலேட்டரில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு சிறு மின்மாற்றி இருக்கும். ஒலி காந்தப்புலம் வழியாகத்தான் தாண்டும், உள்ளே வரும் கம்பிக்கும் வெளியே போகும் கம்பிக்கும் நேரடித் தொடர்பு இருக்காது. இந்தப் பெட்டியில் உள்ளீட்டின் வெளி வளையத்தையும் வெளியீட்டின் வெளி வளையத்தையும் தொட்டதும் மீட்டர் 'பீப்' என்றது, அதாவது இரண்டும் நேரடியாக இணைந்திருக்கின்றன. அப்புறம்தான் திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே வந்த கம்பி அப்படியே வெளியே போகிறது. அவர் பெருமையாகச் சொன்ன கனம் அந்த இரும்புத் துண்டின் கனம்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக:

சார்ஜரைப் பிடுங்கினால் இரைச்சல் நிற்கிறதென்றால், பாட்டு கேட்கும் நேரம் பேட்டரியில் ஓட்டுங்கள். செலவே இல்லை. நான் இதைச் செய்திருந்தால் போதும்.

ஐசோலேட்டர் வாங்கினால் வந்த அன்றே மீட்டர் வைத்துப் பாருங்கள். 'ஓடிப் பழக வேண்டும்' என்று யாராவது சொன்னால் அன்றே திருப்பி அனுப்புங்கள்.

யுஎஸ்பி டாக் (DAC, லேப்டாப்பின் டிஜிட்டல் ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் சிறு கருவி) வாங்கினால் மட்டும் இந்த இரைச்சல் போய்விடும் என்று நம்பாதீர்கள், யுஎஸ்பி கேபிளிலும் கிரவுண்ட் கம்பி இருக்கிறது. ஆப்டிகல் கேபிளில் ஒளி மட்டும்தான் போகும், அதன் வழியாக கிரவுண்ட் லூப் உருவாகாது.

ஃபோனோ துளையில் லேப்டாப்பைச் செருகாதீர்கள். எர்த் பின்னைத் தொடவே தொடாதீர்கள், யார் சொன்னாலும்.

பெட்டியின் உட்புறத்தைப் படமெடுத்துக் கடைக்கு அனுப்பி நாற்பது நிமிடம் ஆகிறது. பார்த்துவிட்டார்கள். பதில் இல்லை. அரை மாதச் சம்பளம் மேசைமேல் திறந்து கிடக்கிறது.