பழைய காசு பார்க்க ஒரு தராசும் ஒரு கண்ணாடியும்

ஒன்லைனில் நகைத் தொழிலுக்கென்று விற்கிறார்களே, உள்ளங்கை அளவு டிஜிட்டல் தராசும் ஒரு மடக்கு உருப்பெருக்கிக் கண்ணாடியும், அதை நான் பழைய காசுகளைப் பார்க்க வாங்கினேன். புதுக்குடியிருப்புக்கே கொண்டுவந்து தந்துவிட்டுத்தான் பணம் வாங்கினார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தராசு நல்ல சாமான். 0.01 கிராம் வரை காட்டும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, சமதரையில் வைத்து மின்விசிறியை நிறுத்திவிட்டால் அப்படியே காட்டுகிறது. வேலியோரத்துக் குன்றிமணியை எடுத்துப் பார்த்தேன். ஒன்றைத் தனியே வைத்தால் சில வேளை அசையாது, முப்பத்திரண்டை ஒன்றாகக் கொட்டினால் மூன்றரைக் கிராமை ஒட்டி நிற்கும். 2000 வருசத்துக்கு முன்னர் இங்கே இலங்கையிலும் இந்தியாவிலும் ஓடிய, குறிகளை அச்சுக்குத்திய வெள்ளிக் காசுக்கு 32 குன்றிமணி என்பதுதான் நிறைக்கணக்கு, இன்றைய அளவில் 3.4 கிராம் வரும். அந்தக் காசுகளில் அரசன் பெயரே இருக்காது, அதனால் குறிகளோடு நிறையும்தான் பேச வேண்டும். ஒரே வகைக் காசு காலம் போகப்போக இலேசாகிக்கொண்டு வந்தால், அல்லது வெள்ளி குறைந்து செம்பு கூடினால், அந்த அரசின் கையிருப்பு எப்படி இருந்ததென்று ஒரு கேள்வி எழும். கல்வெட்டில் எந்த அரசனும் இதை எழுதி வைக்க மாட்டான்.

கண்ணாடியில்தான் ஏமாற்று. 30 மடங்கு என்று பொறித்திருக்கிறார்கள், பார்த்தால் பத்தைத் தாண்டாது. விற்றவரிடம் கேட்டேன், பதிலே இல்லை. ஆனால் காசு படிக்கப் பத்து மடங்கே தாராளம். கூட வருகிற லைற்றை மட்டும் போடாதீர்கள், நேராக அடிக்கிற வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து மட்டமாகிவிடும். காலை வெயில் சரிவாக விழுகிற யன்னலோரம் போதும்.

அப்படித்தான் அம்மம்மாவின் வெற்றிலைப் பெட்டிக்குள் கிடந்த செப்புக் காசைப் பார்த்தேன். ஒரு பக்கம் நிற்கிற உருவம், முகம் முழுக்கத் தேய்ந்துவிட்டது. மறுபக்கம் படுத்திருக்கிற நந்தி, மேலே பிறை, அதற்குக் கீழே வெறும் பாசிக்கோடு மாதிரித் தெரிந்த இடத்தில் மெல்ல மெல்ல 'சேது' என்று தமிழில் எழுத்து எழும்பி வந்தது. யாழ்ப்பாண அரசின் ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசு. அவர்களுடைய கொட்டகமக் கல்வெட்டின் தொடக்கத்திலும் இதே சொல் இருக்கிறது, காசும் கல்லும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கிற இடம் அது. பொலனறுவைக் காலத்துச் செப்புக் காசுகளையும் பாருங்கள், நிற்கிற அரசன், அமர்ந்த அரசன், பக்கத்தில் நாகரி எழுத்து என்று முதலாம் இராசராசனின் காசை அப்படியே பின்பற்றியவை. சோழர் 1070இல் பொலனறுவையை விட்டுப் போனார்கள், அந்த அச்சுமுறை மட்டும் 13ஆம் நூற்றாண்டு வரையும் நீடித்தது. ஆட்சி மாறியும் சந்தையில் மக்கள் நம்பி வாங்கியது பழகிய காசைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

போலிகளைப் பிடிக்கவும் தராசும் கண்ணாடியும் உதவும். வார்த்தெடுத்த போலியில் சின்னச் சின்னக் குமிழ்த்துளைகளும், விளிம்பைச் சுற்றி ஒரு பொருத்துக்கோடும் தெரியலாம், நிறையும் பெரும்பாலும் ஒத்துவராது.

பெட்டிக்குள் மினுக்குகிற துணி ஒன்றும் வைத்திருக்கிறார்கள், அதைத் தயவுசெய்து எறிந்துவிடுங்கள். எங்கள் பக்கம் செப்புக் காசைக் கண்டதும் புளி போட்டுத் தேய்க்கிற பழக்கம் இருக்கிறது, அந்தப் பச்சைப் படிவோடு எழுத்தும் நிறையும் சேர்ந்தே போய்விடும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கும்.

அப்புறம், உழவிலோ குளம் திருத்துகையிலோ காசு கிளம்பினால் அது நமக்குச் சொந்தமில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அரசுக்குரியது, அறிவிக்க வேண்டும். கழுவாமல், கிடந்த இடத்தை எழுதி, பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கள். எந்த வயலில், எந்த ஆழத்தில், எந்த ஓட்டுத்துண்டுகளோடு கிடந்தது என்பது தெரியாத காசில் பாதி வரலாறு போய்விட்டது, அதை எந்தத் தராசாலும் மீட்க முடியாது.

தராசுக்காக வாங்கலாம். பற்றரி மட்டும் கூடவே இரண்டு எடுத்து வையுங்கள், பலம் குறையத் தொடங்கினால் கடைசி இலக்கம் ஆடுகிறது.