செப்டம்பர் மான்: கறிக்கு ஐஸ், கொம்புக்கு ஃப்ரீஸர்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மான் வில் வேட்டை செப்டம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும். கொம்பில் வெல்வெட்டோடு வெண்வால் மான் வேண்டுமென்றால் அந்த முதல் சில நாட்கள்தான். பகல் குறையக் குறைய ஆண் மானுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறும், கொம்பு முற்றும், மேலே இருக்கும் வெல்வெட் என்ற மயிர் படர்ந்த மென்தோலை மரத்தில் தேய்த்து உரித்துவிடும். சிக்கல் என்னவென்றால், அதே நாட்களில் வெயிலும் 30 டிகிரியைத் தொடும். கறியும் கெடும், வெல்வெட்டும் கெடும். பார்க்க நமக்கு இருப்பது இரண்டு கை.

முதலில் கறி. குடலை எடுத்துவிட்டு முழு மானை அப்படியே அறுப்புக் கடைக்குக் கொண்டுபோவது ஒரு வழி. காட்டிலேயே கால் காலாகப் பிரித்து ஐஸில் வைப்பது இன்னொன்று. நவம்பர் குளிர் என்றால் கடையே போதும், வாதமே இல்லை. செப்டம்பரில் நான் ஐஸ் கட்சி. முதல் வருடம் நானும் கடையைத்தான் நம்பினேன். செப்டம்பரில் வரும் அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டிய சனிக்கிழமை அது. முதல் கடை பூட்டியிருந்தது. இரண்டாவது கடையில் குளிரறை நிரம்பிவிட்டது என்றார்கள். மூன்றாவது கடையைத் தேடிச் சேர்வதற்குள் நாலு மணி நேரம் ஓடிவிட்டது. அப்புறம் பின்தொடையை வெட்டினால், இடுப்பு மூட்டைச் சுற்றி மட்டும் சதை பச்சை கலந்த சாம்பல் நிறம், புளித்த வாடை. வெளியே பார்க்க நல்ல கறி. மானின் உடல் சூடு 38 டிகிரிக்கு மேல். அது கடைசியாக வெளியேறும் இடம் எலும்பை ஒட்டிய அந்தத் தடித்த சதைதான். கெடுவதும் அங்கிருந்துதான்.

இப்போது நான் செய்வது: கத்தி வைக்கும் முன் வேட்டையாடிய மானை அரசிடம் தெரிவிக்கும் டெலிசெக்கில் பதிவு (அன்று நள்ளிரவுதான் கெடு). மானை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகிலிருந்து கீழாகத் தோலை உரிப்பேன். முன்சப்பைக்கு உடம்போடு எலும்பு மூட்டே கிடையாது, சதைதான் பிடித்திருக்கும். தூக்கிப் பிடித்துக் கத்தியை ஓட்டினால் கையோடு வந்துவிடும். அப்புறம் முதுகுச் சதை, பின்தொடை. புரட்டிப் போட்டு மறுபக்கமும் அதே. துண்டுகளைத் துவைத்த பழைய தலையணை உறைகளில் போட்டால் ஈ மொய்க்காது, காற்றும் போகும். வண்டியில் காத்திருக்கும் கூலர் பெட்டியில் தண்ணீர் உறைய வைத்த பால் கேன்கள். பெட்டியின் வடிகால் அடைப்பைத் திறந்தே வைக்க வேண்டும்; தேங்கும் தண்ணீரில் ஊறினால் கறி வெளிறி நசநசத்துப் போகும். வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் 4 டிகிரிக்குக் கீழே ஒன்றிரண்டு நாள், விறைப்பு தளர்ந்த பிறகுதான் ஃப்ரீஸர்.

இதில் இன்னொரு லாபம், தண்டுவடத்தை வெட்டவே வேண்டாம். மான்களை மெலிய வைத்துக் கொல்லும் சிடபிள்யூடி நோய் 2023 டிசம்பரில் கென்டக்கியின் பாலர்ட் கவுண்டியில் முதல் முறையாகத் தெரிந்தது. அதைப் பரப்பும் பிரையான் என்ற உருமாறிய புரதம் சமைத்தாலும் அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை. ஆனாலும் அந்த நோய் உள்ள பகுதி என்றால் சோதனை முடிவு வரும்வரை நான் குழம்பு வைப்பதில்லை.

சரி, கொம்பு. ஃபார்மலின் ஊசி, உறைய வைத்துப் பிறகு விலங்குகளைப் பாடம் செய்பவரிடம் கொடுப்பது, வெல்வெட்டை உரித்தே எடுத்துவிடுவது என்று மூன்று வழி.

ஃபார்மலின் என்றதும், மீன் கெடாமலிருக்க அதைக் கலக்கிறார்கள் என்று 2018இல் சென்னையில் கிளம்பிய பீதி நினைவுக்கு வரும். அதே சாமான்தான், புற்றுநோய் தரக்கூடியது. கொம்பின் நுனிகளைக் கீறிவிட்டு, அடியில் வெல்வெட்டுக்குக் கீழே ஓடும் ரத்தக் குழாய்களில் ஊசியேற்ற வேண்டும். ரத்தம் வடிந்து தெளிந்த திரவம் நுனியில் சொட்டும்வரை விடக்கூடாது. செலவு குறைவு, வேலை வீட்டிலேயே முடிந்துவிடும், ஒத்துக்கொள்கிறேன். நான் ஒரே ஒரு முறைதான் செய்தேன், அதுவும் அரைகுறை. காரணம் நேரம். குழாயில் ரத்தம் உறைவதற்குள் ஊசி ஏற வேண்டும். கறிக்கும் அதே முதல் இரண்டு மணி நேரம்தான் உயிர்நாடி. ஃபார்மலின் பட்ட கையுறையோடு கறியைத் தொடவும் முடியாது. நான் கறியை முடித்துவிட்டு ஊசியை எடுத்தபோது குழாய்கள் அடைத்துவிட்டன. இரண்டு வாரத்தில் ஒரு கிளையில் மயிர் கொத்தாக உதிர்ந்தது.

ஃப்ரீஸர் அப்படி அவசரப்படுத்தாது. கொம்பைப் பிடித்து மானை இழுக்காமல், மண்டையோட்டுத் துண்டோடு அறுத்து, வெல்வெட்டில் கயிறோ டேப்போ படாமல் தளர்வான பையில் போட்டு, வந்ததும் ஆழ்ஃப்ரீஸரில் வைத்தால் போதும். பாடம் செய்பவர் பிறகு வெற்றிடத்தில் வைத்து, பனியை நீராகவே விடாமல் ஆவியாக்கி உலர்த்துவார். மாதக்கணக்கில் ஆகும், ஊசியைவிடச் செலவும் கூட. முடிந்த பிறகும் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என்னுடையது மூன்று வருடமாக நன்றாக இருக்கிறது, பத்து வருடம் கழித்து எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

உரிப்பதை நான் செய்ததில்லை, பக்கத்து வீட்டுக்காரர் செய்யப் பார்த்தேன். வெல்வெட் ஏற்கனவே கிழிந்து தொங்கினால் அதுதான் நியாயம். ஆனால் உள்ளே கொம்பு வெள்ளை வெளேரென்று இருக்கும், மரத்தில் தேய்த்தால் ஏறும் பழுப்பு இருக்காது. அவர் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் பூசி நிறமேற்றினார். கொம்பைவிட அவர் விரல்களில்தான் நன்றாகப் பிடித்தது.

எங்கள் ஃப்ரீஸரில் இப்போது ஒரு பக்கம் முதுகுக் கறி, மறுபக்கம் இந்த வருடக் கொம்பு. உறைந்த நுனி லேசாக இடித்தாலும் வெல்வெட் பெயர்ந்துவிடும், அதனால் மூடியில் ‘மெதுவாகத் திறக்கவும்’ என்று சீட்டு ஒட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே என் மனைவி எழுதியிருப்பது: ‘எப்போது காலியாகும்?’