பழைய எஞ்சினுக்கு எந்த வாஷர்? சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

1960களின் பிரிட்டிஷ் எஞ்சின் ஒன்றைச் சில வருடங்களாக நானே பராமரித்து வருகிறேன். அதில் என்னை அதிகம் தேட வைத்தவை பிஸ்டனோ வால்வோ இல்லை. சம்ப் பிளக் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பை வடிக்கத் திறக்கும் திருகு), பாஞ்சோ போல்ட் (பைப்பை இணைக்கும், உள்ளே துளையுள்ள போல்ட்), ஆயில் ஃபில்டர் போல்ட் ஆகியவற்றின் அடியில் உட்கார்ந்து கசிவை அடைக்கும் வாஷர்கள்தான்.

முதல் சிக்கல் அளவு. கால் இன்ச் பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் அளவு முறை) மரையின் வெளி விட்டம் 13.16 மி.மீ. ஆனால் கால் இன்ச் என்பது வெறும் 6.35 மி.மீ. "கால் இன்ச் வாஷர்" என்று கேட்டால் போல்ட்டில் நுழையவே நுழையாத ஒன்றுதான் வரும். 14 மி.மீ. மெட்ரிக் வாஷர் நுழையும், ஆனால் ஆடும். ஒரு பக்கம் ஒதுங்கி உட்கார்ந்தால் அங்கேதான் கசிவு. அதனால் பார்ட் நம்பரை ஓரமாக வைத்துவிட்டு, வெர்னியரில் போல்ட்டின் விட்டத்தையும், வாஷர் உட்காரும் முகத்தின் அகலத்தையும் அளந்துவிட்டுத்தான் தேடுகிறேன்.

இதுவரை எனக்கு அதிகம் உழைத்தது சாதாரணச் செம்பு வாஷர். ஒருமுறை இறுக்கி நசுங்கியதும் செம்பு கடினமாகிவிடும்; அப்படியே மறுபடி போட்டால் சரியாக அடைக்காது. மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கினால் பழைய மென்மை திரும்பிவிடும். எஃகைப் போலத் தண்ணீரில் போட்டால் இறுகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், செம்பு இறுகாது. மேலே படிந்த கருமைதான் கொஞ்சம் உதிரும். அப்புறம் கண்ணாடி மேல் மெல்லிய எமரி பேப்பரை விரித்துத் தேய்த்தால் முகம் சமமாகிவிடும். ரொம்ப மெலிந்துபோனதைத் தூக்கிப் போடுவதே நல்லது.

சம்ப் பிளக்கில் மட்டும் டவுட்டி வாஷருக்கு மாறிவிட்டேன். எஃகு வளையத்தின் உட்புறம் ரப்பர் ஒட்டிய வகை இது. மிதமாக இறுக்கினாலே போதும். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் கழற்றிப் பார்த்து, ரப்பர் நன்றாக இருந்தால் அதையே போடுகிறேன், இதுவரை கசியவில்லை. பிளக்கின் தலைக்கு அடியில் வளைவு இருந்தால் இது சரிப்படாது, ரப்பர் வெட்டுப்படும். எஞ்சின் ஆயில் சூட்டுக்கு நைட்ரைல் ரப்பரைவிட விட்டான் (Viton) என்ற ரப்பர் நல்லது. விட்டான் சுமார் 200 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். பிரேக் பைப்பில் இந்த இரண்டையுமே போடாதீர்கள். கிளைகால் வகை பிரேக் ஆயிலில் அந்த ரப்பர்கள் ஊதிப்போகும். அங்கே செம்புதான்.

அலுமினியம் மிருதுவானது, குறைந்த இறுக்கத்திலேயே அடைத்துவிடும். மரை சீக்கிரம் தேய்ந்துபோகும் அலுமினிய சம்ப்புக்கு இதுவே பொருத்தம், ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதுதான். ஃபைபர் வாஷர் காய்ந்து சுருங்கும், மறுபடி மறுபடி இறுக்க வேண்டியிருக்கும். எனக்கு அதில் பொறுமை இல்லை.

ஒரு எச்சரிக்கை: பழைய மடிப்பு வகைச் செம்பு வாஷர்கள் (மெல்லிய தகட்டை மடித்துச் செய்தவை) சிலவற்றின் உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அவற்றைச் சூடாக்கவோ தேய்க்கவோ வேண்டாம். ஈரமாக்கி எடுத்து, உறையில் போட்டு மூடிவிடுங்கள்.

ஆயில் பிரஷர் மீட்டரின் பைப் முனையில் மட்டும் இன்னும் சின்னத் தோல் வாஷர்தான் இருக்கிறது. ஆயிலில் ஊறவைத்துப் போட்டேன்; இன்றுவரை நன்றாக இருக்கிறது, மாற்றும் எண்ணமும் இல்லை.