எஸ்கேபஃப் தொடக்கம்: தனித்தனியா, பொதுவா?
கீழக்கரையில் சிறு ரவுட்டர்களுக்கு லினக்ஸ் கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, தொகுக்கும் நண்பர்களிடையே எழுந்த கேள்வி இது. எஸ்கேபஃப் (sk_buff) என்பது ஒரு நெட்வொர்க் பாக்கெட்டின் விவரங்களைக் கர்னல் வைத்திருக்கும் கட்டமைப்பு. பாக்கெட்டுக்கான நினைவகத்தைப் புதிதாக ஒதுக்கும் ஃபங்ஷனும், டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) ஏற்கெனவே வைத்திருக்கும் நினைவகத்தைச் சுற்றி எஸ்கேபஃப்பைக் கட்டும் ஃபங்ஷனும் தொடக்க மதிப்புகளைத் தனித்தனியே இடலாம். அல்லது ஒரே துணை ஃபங்ஷனை அழைக்கலாம்.

தனித்தனி முறையில் ஒவ்வொரு பாதையும் முழுமையாகக் கண்ணில் படும். ஆனால், மேக் ஹெடரின் (பாக்கெட்டின் இணைப்பு அடுக்குத் தலைப்பு) இடம் இன்னும் குறிக்கப்படவில்லை என்று காட்ட எல்லா பிட்டுகளையும் ஒன்றாக்கும் வரி ஒரு பாதையில் விடுபட்டால், முன்பே சுழியமாக்கிய கட்டமைப்பில் அங்கே சுழியமே எஞ்சும்; சுழியமும் செல்லுபடியாகும் மதிப்பே என்பதால் பிழை எளிதில் பிடிபடாது; பொது ஃபங்ஷனே எனக்கு உகந்தது. இன்லைனாக (அழைக்கும் இடத்திலேயே அதன் நிரல்வரிகள் பொருந்தும்படி) அறிவித்தால் வேகமும் பெரும்பாலும் குறையாது. எனினும், கட்டமைப்பைச் சுழியமாக்கும் மெம்செட்டை அதற்குள் இழுக்கக் கூடாது: அழைப்பவர் முன்பே இட்ட கொடிகளை (நிலையைக் குறிக்கும் பிட்டுகளை) அது அழித்துவிடும்.