சபைக்குத் தண்ணீர் மெஷின் வாங்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள், எங்கள் 2,85,000 ரூபாய் போய்விட்டது

ஞாயிறு இரவுதான் கொழும்புக்குத் திரும்பினோம். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சபையிலிருந்து 14 பேர், நான்கு நாள் ஊழியப் பயணம். கெப்பித்திகொல்லாவ தாண்டி, பதவியா பக்கம் ஒரு சிங்கள பௌத்த கிராமம். வட மத்திய மாகாணத்து வயல்காரரை 1990களிலிருந்து வாட்டுகிற அந்தச் சிறுநீரக நோய் அங்கேயும் இருக்கிறது. காரணம் இதுதான் என்று இன்றுவரை முடிவாகவில்லை, ஆனால் கிணற்றுத் தண்ணீரைச் சனம் நம்புவதில்லை. நாங்கள் தங்கிய வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகக் கல் மாதிரிப் படிந்திருந்தது, நகத்தால் சுரண்டியும் வரவில்லை. வெளியிலிருந்து சபை வருகிறது என்றாலே மதம் மாற்றத்தான் வருகிறார்கள் என்று சந்தேகிக்கும் இடம். பிரசங்கம் இல்லை, கைப்பிரதி இல்லை, தண்ணீரைச் சுத்திகரிக்கிற ஆர்.ஓ. மெஷின் மட்டும் என்று பாஸ்டர் இரண்டு முறை போய் விகாரை ஹாமதுருவிடம் (பௌத்த பிக்குவிடம்) கதைத்த பிறகு, அவர் தர்ம மண்டபத்துக்குப் பக்கத்திலேயே இடம் விட்டு, கரண்ட் லைனும் இழுத்துத் தந்தார்.

மெஷின் வாங்குவது என் பொறுப்பு. பழையது புதியது எல்லாம் விற்கிற ஒரு விளம்பரத் தளத்தில் ஆளைப் பிடித்தேன். நாளுக்கு 1,500 லீட்டர், ஒரு வருட உத்தரவாதம், வந்து பூட்டியும் தருவார்களாம். 3,40,000 கேட்டார். எதற்கென்று சொன்னேன். அரை மணித்தியாலத்தில் வட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது: “பிரதர், நானும் இரட்சிக்கப்பட்டவன்தான். ஆண்டவருடைய வேலையில நான் லாபம் வைக்க மாட்டன், 2,85,000 தாங்கோ.” பின்னால் ஒரு சின்னப் பிள்ளை ஞாயிறு பள்ளிப் பாட்டுப் பாடுகிற சத்தம். அதை ஜெபக் கூட்டத்தில் எல்லாருக்கும் போட்டேன், கண் கலங்கியவர்களும் இருந்தார்கள். அங்கேதான் விழுந்தோம். வேறு இரண்டு கடைகளில் விலை கேட்க இருந்ததையும் விட்டுவிட்டு, முழுக் காசையும் அவருடைய சொந்தக் கணக்கில் வைப்பிலிட்டேன். அதில் ஒரு அம்மாவின் பென்ஷன் காசும் இருக்கிறது.

பூட்ட ஆள் வரவில்லை. எங்களோடு வந்த பிளம்பர் தம்பிதான் பூட்டினார். சனம் கேன்களோடு வரிசையில் நின்றது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரில் கிணற்றுத் தண்ணீர் 612, மெஷினிலிருந்து வருகிற தண்ணீர் 598. மீட்டரைக் கழுவி மறுபடி பிடித்தோம், 601. குழாயைக் கழற்றினால் உள்ளே, உப்பைப் பிரித்தெடுக்கிற சவ்வு, அந்த மெம்பிரேனே இல்லை! பஞ்சு ஃபில்டர் ஒன்றை வெட்டிச் செருகி வைத்திருக்கிறான்.

அழைத்தேன். “ரெண்டு நாள் தண்ணிய ஓட விடுங்கோ” என்றான். மறுநாள், நாங்களே பூட்டியதால் உத்தரவாதம் இல்லையாம். அப்புறம் “ஆராதனையில நிக்கிறன் பிரதர்” என்று வைத்தவன், என் நம்பரையே பிளாக் பண்ணிவிட்டான். தளத்துக்கு எழுதினால், கொடுக்கல் வாங்கலுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று இரண்டு வரி.

ஹாமதுரு “கமக் நே, புத்தே” என்றார், பரவாயில்லை மகன் என்று. நோயாளிக் கணவனுக்காகத் தண்ணீர் எடுக்க வந்த ஒரு அக்கா, வெறும் கேனைத் தூக்கிக்கொண்டு “ஹெட்டத?” என்று கேட்டார். நாளைக்கா? நான் என்ன சொல்ல? இரண்டு இலட்சத்து எண்பத்தையாயிரத்தை எப்படியாவது சேர்த்துவிடலாம். இனி அந்த ஊருக்குள் எந்த முகத்தோடு போவது?

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. தண்ணீர் ஓடவிட்டு, மீட்டர் பிடித்து, மெம்பிரேனைக் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். தனி ஆளின் கணக்குக்கு வேண்டவே வேண்டாம். பில் வாங்குங்கள். ஏமாந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் உடனே சொல்லுங்கள், நாள் கடத்தாதீர்கள். ஆண்டவர் பெயரைச் சொல்லி விலை குறைக்கிறவனிடம் இரண்டு மடங்கு கவனம்.

அதே படத்தோடு, வேறு நம்பரில், விளம்பரம் இன்று காலையும் கிடக்கிறது. விலை 3,10,000.